பூஜ்யமும் ஒரு பதிவுதான்: ஃபெரியில் நின்று திமிங்கிலம் எண்ணுவது பற்றி

"திமிங்கிலத்தை எப்படிங்க எண்ணுவாங்க? கடல்ல வரிசையா வந்து நிக்குமா?" என்று என்னிடம் பலபேர் கேட்டிருக்கிறார்கள். கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். புலியை எண்ணக் காட்டில் கேமரா வைக்கலாம்; ஒவ்வொரு புலியின் வரியும் கைரேகை மாதிரி, வேறு வேறு. யானையை எண்ண நீர்நிலை ஓரத்தில் காத்திருக்கலாம், எப்படியும் தண்ணி குடிக்க வந்துதானே ஆகணும். கடலில் இந்த வசதி எதுவும் கிடையாது. உயிர் தண்ணீருக்குள் இருக்கிறது, மூச்சு விட மட்டும் மேலே வருகிறது. அந்தச் சில நொடிகளில் நாம் அங்கே இருக்கணும், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டும் இருக்கணும்.

அப்படியானால் அங்கே இருப்பது யார்? ஆய்வுக் கப்பல் ஒன்றை நடுக்கடலுக்கு அனுப்பினால் எரிபொருள், மாலுமிகள், சாப்பாடு என்று ஒவ்வொரு நாளும் பெரும் பணம் கரையும். அதனால் அது எப்போதாவதுதான் போகும். ஆனால் பயணிகளையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு ஃபெரிகள் தினமும் அதே கடலைக் கடக்கின்றன. திமிங்கிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை போகத்தான் போகின்றன. அதில் பயிற்சி பெற்ற நான்கு பேரை ஏற்றிவிட்டால் என்ன? இந்த யோசனையைப் பற்றியும், அதில் கிடைக்கும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியும்தான் இந்தக் குறிப்பு. இந்த ஆய்வுமுறையைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். தன்னார்வலர்களோடு நின்று பார்த்தும் இருக்கிறேன்.

பழைய யோசனைதான்

பயணக் கப்பலை அறிவியலுக்குப் பயன்படுத்துவது இன்று நேற்று வந்ததல்ல. அலிஸ்டர் ஹார்டி என்ற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர், கப்பலின் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கக்கூடிய ஒரு கருவியைச் செய்தார். அதற்குள் பட்டுத்துணி மெதுவாகச் சுருண்டுகொண்டே போகும், கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். 1931ல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட சாதாரண வணிகக் கப்பலிலேயே அதைக் கட்டி அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பதிவு வரிசை இன்றும் தொடர்கிறது. கப்பல்காரர்கள் செய்ய வேண்டியது, கருவியைக் கடலில் இறக்குவதும் திரும்ப ஏற்றுவதும் மட்டும்தான்.

திமிங்கிலத்துக்கு அப்படிக் கருவி கிடையாது. கண்தான் கருவி. அதனால் ஆள் போகணும். 1995ல் போர்ட்ஸ்மத்துக்கும் ஸ்பெயினின் பில்பாவோவுக்கும் இடையே ஓடிய 'பிரைட் ஆஃப் பில்பாவோ' என்ற ஃபெரியில் பிஸ்கே ஓங்கில் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 2001ல் 'ஓர்கா' என்ற தொண்டு அமைப்பு உருவானது. இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்திலுள்ள சிவிடாவேக்கியா துறைமுகத்திலிருந்து சார்டினியாத் தீவின் கோல்ஃபோ அராஞ்சிக்குப் போகும் ஃபெரியில் 1989 முதல் 1992 வரை எண்ணினார்கள். பிறகு 2007ல் அதே பாதையில் திரும்பவும் தொடங்கி, இன்று மத்தியதரைக் கடலின் பல பாதைகளில் ஒரே முறையில் எண்ணும் கூட்டமைப்பாக அது வளர்ந்திருக்கிறது.

பிஸ்கே ஏன் இவ்வளவு பேசப்படுகிறது

பிரான்ஸின் மேற்குக் கரைக்கும் ஸ்பெயினின் வடகரைக்கும் நடுவிலுள்ள வளைகுடா பிஸ்கே. வடக்கிலிருந்து போகும்போது முதலில் ஆங்கிலக் கால்வாய், பிறகு பிரெத்தாஞ் முனை, பிறகு ஆழமில்லாத கண்டத்திட்டு. இதுவரை ஆழம் 200 மீட்டருக்குள்தான். அதற்கப்புறம் கடலடி திடீரென்று சரிந்து 4,000 மீட்டருக்கும் கீழே போய்விடும். ஸ்பெயினை நெருங்கும்போது கண்டத்திட்டு மிகக் குறுகல், கரைக்குப் பக்கத்திலேயே பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகள் வெட்டிக்கொண்டு போகின்றன.

இதனால் என்ன ஆகும் என்றால், ஒரே பயணத்தில் ஏறத்தாழ ஒரு நாளுக்குள், மூன்று நான்கு வகையான கடலைப் பார்த்துவிடலாம். ஆழமில்லாத பகுதியில் கடற்பன்றி. ஒன்றரை மீட்டர் நீளம்தான் இருக்கும். சின்ன முக்கோண முதுகுத்துடுப்பு ஒரு தடவை உருண்டு மறையும், அவ்வளவுதான். சரிவின் விளிம்பில் ஓங்கில் கூட்டங்கள். ஆழ்கடலில் ஃபின் திமிங்கிலம், நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்த பெரிய உயிர் அது. பள்ளத்தாக்குகளுக்கு மேலே கூவியர் அலகுத் திமிங்கிலம். இந்தக் கடைசி ஆளை உலகத்தில் பெரும்பாலான திமிங்கில ஆய்வாளர்களே அடிக்கடி பார்ப்பதில்லை. ஃபெரியில் நிற்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் பார்த்துவிடுகிறார்.

(ஓங்கில் என்றால் டால்பின். நம் கடலோரத்தில் வழங்கும் சொல். 'டால்பின்' என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம், நல்ல சொல் கையில் இருக்கும்போது விடுவானேன்.)

பிரிட்ஜில் என்ன நடக்கிறது

கப்பலை ஓட்டும் மேல்தள அறையைத்தான் பிரிட்ஜ் என்பார்கள். பயணிகளுக்கு அங்கே இடமில்லை, கணக்கெடுப்புக் குழுவுக்கு மட்டும் அனுமதி. இருவர் பார்ப்பார்கள். ஒருவர் கப்பலின் மூக்கு நேரிலிருந்து இடப்பக்கம் 90 டிகிரி வரை, இன்னொருவர் வலப்பக்கம் 90 டிகிரி வரை. மூக்கு நேர் இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் மேலேறி இருக்கும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூன்றாமவர் எழுதுவார். நான்காமவருக்கு ஓய்வு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். ஒரே ஆள் தொடர்ந்து தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. இரவு லாரி ஓட்டுநர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு விலங்கு தெரிந்ததும் எழுத வேண்டியவை: நேரம், கப்பல் இருக்கும் இடம், கப்பலின் திசையிலிருந்து எத்தனை டிகிரி, எவ்வளவு தூரம், என்ன இனம், எத்தனை, குட்டி இருக்கிறதா, என்ன செய்துகொண்டிருந்தது.

இதில் தூரம்தான் சிக்கல். கடலில் அளவுகோல் கிடையாது. வெறும் கண்ணால் "ஒரு கிலோமீட்டர் இருக்கும்" என்று சொன்னால், நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அதற்கு அடிவானம் கைகொடுக்கிறது. கண் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். விலங்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தால் தூரம் வந்துவிடும். ஒரு குச்சியைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் கையை நீட்டிப் பிடித்தால், 500 மீட்டரில் இருக்கும் விலங்கு அடிவானத்துக்கு 2.8 சென்டிமீட்டர் கீழே தெரியும். ஒரு கிலோமீட்டரில் இருந்தால் 1.3 சென்டிமீட்டர். இரண்டு கிலோமீட்டரில் இருந்தால் வெறும் 0.6. குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். பைனாகுலருக்குள்ளேயே இந்தக் கோடுகள் இருக்கும் வகையும் உண்டு, கணக்கு ஒன்றுதான். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு கோடுகள் நெருங்கிவிடுவதால், தொலைவில் பிழை கூடும் என்பதும் இதிலேயே தெரிகிறது.

இனத்தைக் கண்டுபிடிக்க முழு உடம்பையும் பார்க்கணும் என்று அவசியமில்லை. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத் துளை தலையின் முன்னால் இடப்பக்கம் இருப்பதால் மூச்சுப்புகை முன்னோக்கி இடப்பக்கமாகச் சாய்ந்து போகும். ஃபின் திமிங்கிலத்தின் மூச்சு நேராகத் தூண்போல் எழும், கீழ்த்தாடையின் வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் கருப்பு. ஒன்றும் பிடிபடவில்லையா? "பெரிய திமிங்கிலம், இனம் தெரியவில்லை" என்று எழுதணும். பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஆசைப்பட்டு இனப்பெயர் எழுதிவிட்டால் பின்னால் யாராலும் அதைத் திருத்த முடியாது. "தெரியவில்லை" என்று எழுதினால் அந்தப் பதிவை எப்படிக் கையாளணும் என்று கணக்கு போடுகிறவருக்குத் தெரியும்.

எதையும் பார்க்காத மணி நேரங்கள்

பயணிகளும் திமிங்கிலத்தைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். அதையே சேர்த்து எண்ணினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. பயணி பார்த்ததைச் சொல்வார். பார்க்காத நேரத்தைச் சொல்ல மாட்டார். கணக்கெடுப்பாளரின் தாளில் பெரும்பகுதி பார்க்காத நேரம்தான்.

எப்போது பார்க்கத் தொடங்கினோம், எப்போது நிறுத்தினோம், எத்தனை கிலோமீட்டர் போனோம், அப்போது கடல் எப்படி இருந்தது, வெயில் கண்ணில் அடித்ததா, மூடுபனியா, மழையா என்று இவை எல்லாம் குறிப்பிட்ட இடைவெளியில் பதிவாகும். கடலின் நிலைக்கு பியூஃபோர்ட் அளவு. 0 என்றால் கண்ணாடி மாதிரி, 3ல் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டும். கடற்பன்றியை எண்ண 2க்கு மேல் போனாலே கஷ்டம், ஒவ்வொரு அலையும் ஒரு துடுப்பு மாதிரிதான் தெரியும்.

இந்த விவரம் இருந்தால்தான் "ஒன்றும் இல்லை" என்பதற்கு அர்த்தம் வரும். நன்றாகத் தெளிந்த கடலில் 200 கிலோமீட்டர் பார்த்து ஒன்றும் இல்லை என்பது ஒரு செய்தி. மூடுபனியில் 200 கிலோமீட்டர் போய் ஒன்றும் இல்லை என்பது செய்தியே இல்லை.

இதன் கனம் எவ்வளவு என்று தெரிய சீனாவின் யாங்சி ஆற்றுக்குப் போகணும். பைஜி என்ற ஆற்று ஓங்கில் அங்கே மட்டும்தான் வாழ்ந்தது. 2006 இறுதியில் இரண்டு படகுகள் ஆறு வாரம், யிச்சாங்கிலிருந்து ஷாங்காய் வரை போய்த் திரும்பின. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரு படகு பார்த்ததை இன்னொரு படகுக்குச் சொல்லாமல் தனித்தனியாகத் தேடினார்கள், தண்ணீருக்குள் ஒலிவாங்கியும் போட்டார்கள். கிடைத்த எண்: பூஜ்யம். அடுத்த வருடம் அந்த இனம் அழிந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்தப் பூஜ்யத்தை உலகம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், எங்கே, எவ்வளவு நேரம், எப்படித் தேடினார்கள் என்பது எழுத்தில் இருந்ததுதான். "நாங்க போனோம், ஒண்ணும் காணோம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பார்த்ததிலிருந்து இருப்பதற்கு

சரி, பார்த்ததை எழுதியாச்சு. இதிலிருந்து கடலில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கப்பல் போகும் பாதையை ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து விலங்கு எவ்வளவு விலகி இருந்தது என்பதுதான் முக்கியம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 30 டிகிரி கோணத்தில் தெரிந்தால் அது கோட்டிலிருந்து 500 மீட்டர் விலகி இருக்கிறது. பள்ளிக்கூட முக்கோணவியல்தான், சைன் 30 என்பது அரை. இப்படி நூற்றுக்கணக்கான பதிவுகளைச் சேர்த்தால் ஒரு வளைவு கிடைக்கும்: கோட்டுக்குப் பக்கத்தில் நிறையப் பார்த்திருப்போம், விலக விலகக் குறைந்துகொண்டே போகும். விலங்குகள் கோட்டைப் பார்த்து ஒதுங்கவில்லை, ஒட்டவும் இல்லை என்று எடுத்துக்கொண்டால், அந்தக் குறைவு முழுவதும் நம் கண்ணின் குறை. எவ்வளவு தவறவிட்டோம் என்று அந்த வளைவே சொல்லிவிடும். "சரியாகப் பார்த்த அகலம்" எவ்வளவு என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. 100 கிலோமீட்டர் போனோம். 10 கூட்டம், கூட்டத்துக்குச் சராசரி 4 ஓங்கில், ஆக 40. சரியாகப் பார்த்த அகலம் இரு பக்கமும் அரை அரை கிலோமீட்டர், மொத்தம் ஒன்று. அப்படியானால் பார்த்த பரப்பு 100 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 0.4 ஓங்கில். அவ்வளவுதான் அடிப்படை.

இந்தக் கணக்கு முழுக்க ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: கோட்டின் மேலேயே இருக்கும் விலங்கைக் கண்டிப்பாகப் பார்த்துவிடுவோம். மூக்கு நேரை இருவரும் சேர்ந்து பார்ப்பது இதற்காகத்தான். ஆனால் கோட்டின் மேலிருப்பதில் பாதியைத் தவறவிட்டால் உண்மையான எண் 0.4 இல்லை, 0.8. இங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

மூன்று தொல்லைகள்

முதல் தொல்லை, விலங்கு கீழே இருப்பது. கூவியர் அலகுத் திமிங்கிலம் கலிபோர்னியாவுக்கு அப்பால் 2,992 மீட்டர் வரை முங்கியது பதிவாகியிருக்கிறது. பிறகு வேறொரு ஆய்வில் ஒன்று 3 மணி 42 நிமிடம் மூச்சை அடக்கியது. சாதாரணமாகவே ஆழ முங்கல் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போகும். ஃபெரி 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டரில் போகிறது. நல்ல கடலில் அந்தத் திமிங்கிலம் இரண்டு கிலோமீட்டர் வரை கண்ணுக்குப் படும் என்று வைத்தாலும், அந்தத் தூரத்தைக் கப்பல் மூன்றேகால் நிமிடத்தில் தாண்டிவிடும். கீழே போனது மேலே வருவதற்குள் நாம் அடுத்த அத்தியாயத்தில் இருப்போம். ஆக ஃபெரியிலிருந்து பார்த்த ஒவ்வொரு அலகுத் திமிங்கிலத்துக்கும் பின்னால் பார்க்காதவை பல.

இரண்டாவது, விலங்கு நம்மிடம் வருவது. சாதாரண ஓங்கிலுக்குக் கப்பலின் மூக்கலையில் சவாரி செய்வது பிடிக்கும். தூரத்திலிருந்தே திரும்பி ஓடி வரும். பார்க்க ஆனந்தமான காட்சி, கணக்குக்கோ விஷம். கோட்டுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை வீங்கிவிடும். கடற்பன்றி நேரெதிர், சத்தம் கேட்டாலே ஒதுங்கும். அதனால்தான் விலங்கை முதலில் எங்கே பார்த்தோமோ அந்தத் தூரத்தைத்தான் எழுதணும், கிட்டே வந்தபிறகு உள்ள தூரத்தை அல்ல.

மூன்றாவது, மேலே இருந்தும் நாம் பார்க்காமல் விடுவது. இதை அளக்கப் பெரிய கணக்கெடுப்புகளில் இரண்டு குழுக்களை நிறுத்துவார்கள், ஒரு குழு பார்த்ததில் எத்தனையை இன்னொரு குழுவும் பார்த்தது என்று ஒப்பிடுவார்கள். ஃபெரியில் பெரும்பாலும் ஒரே குழுதான். அதனால் ஃபெரி எண்ணை "மொத்தம் இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லப் பயன்படுத்துவதை விட, "போன வருடத்தை விடக் கூடியதா குறைந்ததா" என்று கேட்கப் பயன்படுத்துவதுதான் பொருத்தம். தவறும் அளவு ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இருந்தால் ஒப்பீடு நிற்கும். எடை காட்டுவதில் ரெண்டு கிலோ பிசகுகிற தராசில் நம் எடை எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் மெலிந்தோமா என்று சொல்லலாம். தராசை மாற்றாமல் இருக்கணும், அதுதான் விதி.

ஒரே கோட்டின் எல்லை

ஃபெரி தன் பாதையை விட்டு விலகாது. அதன் பலமும் அது, பலவீனமும் அது. இதற்கு வட கடல் நல்ல பாடம். ஸ்கான்ஸ் என்ற பெரும் ஐரோப்பியக் கணக்கெடுப்பு 1994, 2005, 2016, 2022 ஆகிய வருடங்களில் கப்பலும் விமானமும் கொண்டு நடந்தது. 1994ல் வட கடலின் கடற்பன்றிகள் வடக்கே, ஸ்காட்லாந்துப் பக்கம் செறிந்திருந்தன. 2005ல் பார்த்தால் தெற்கே வந்துவிட்டன. மொத்த எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை.

வடக்கே மட்டும் ஒரு ஃபெரி பாதை இருந்து, அதை மட்டும் நம்பியிருந்தால் என்ன எழுதியிருப்போம்? "கடற்பன்றி அழிகிறது." தெற்கே மட்டும் இருந்திருந்தால்? "பெருகுகிறது." இரண்டும் தப்பு. பல கோடுகள் வேண்டும், இடையிடையே முழுப் பரப்பையும் பார்க்கும் பெரிய கணக்கெடுப்பும் வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் பெரிய கணக்கெடுப்பே போதுமே? போதாது. வருடங்களைப் பாருங்கள். இடைவெளி ஆறிலிருந்து பதினொரு வருடம். அதுவும் கோடையில் மட்டும். 2007ல் பார்பரா டெய்லரும் சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கு போட்டார்கள். ஒரு இனம் 15 வருடத்தில் பாதியாகக் குறைந்தால், அப்போது அமெரிக்கக் கடலில் நடந்துவந்த கணக்கெடுப்புகள் அதைக் கண்டுபிடிக்குமா? விடை கசப்பானது. அப்படிப்பட்ட வீழ்ச்சிகளில் பெரிய திமிங்கிலங்களில் 72 சதவீதமும், ஓங்கில் கடற்பன்றி வகைகளில் 78 சதவீதமும், அலகுத் திமிங்கிலங்களில் 90 சதவீதமும் கண்ணில் படாமலே போகும். பாதி போனதே தெரியாது! காரணம் எண்ணுவது அபூர்வம், எண்ணும்போது பிழை அதிகம்.

இங்கேதான் ஃபெரி உள்ளே வருகிறது. மாதாமாதம், குளிர்காலத்திலும், ஒரே கோட்டில், ஒரே முறையில். இத்தாலியப் பாதையில் 1989–92 பதிவையும் 2007க்குப் பிந்தைய பதிவையும் ஒப்பிட்டபோது, அந்தக் கோட்டில் ஃபின் திமிங்கிலத்தைப் பார்க்கும் வீதம் கூடியிருந்தது தெரிந்தது. முதல் தடவை எழுதியவர்கள் முயற்சியின் அளவையும் சேர்த்து எழுதி வைத்ததால்தான் இருபது வருடம் கழித்து இன்னொருவர் அதன் பக்கத்தில் தன் எண்ணை வைக்க முடிந்தது.

இதற்கும் ஒரு பயம் உண்டு. பாதை நம்முடையது அல்ல. 'பிரைட் ஆஃப் பில்பாவோ'வின் சேவை 2010 செப்டம்பரில் நின்றது. கப்பல் நிறுவனத்துக்கு அது வியாபார முடிவு, பதினைந்து வருடக் கோட்டுக்கு அது முற்றுப்புள்ளி. பிறகு வேறு நிறுவனத்தின் ஃபெரி அந்தத் துறைமுகங்களை இணைத்தது. ஆனால் கப்பல் மாறினால் உயரம் மாறும், வேகம் மாறும். தராசு மாறிவிட்டது, ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுக்கணும்.

எண்ணும் கப்பலே கொல்லும் கப்பல்

இந்த விசயத்தில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. நாம் நின்று எண்ணும் கப்பலே திமிங்கிலத்தைக் கொல்லக்கூடியது. மத்தியதரைக் கடலில் 1972 முதல் 2001 வரை இறந்து கிடைத்த 287 ஃபின் திமிங்கிலங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது 46 கப்பல் மோதி இறந்தவை என்று உறுதியானது. இவை கண்ணில் பட்டவை மட்டும்; நடுக்கடலில் மூழ்கியவை கணக்கிலேயே வராது.

வேகம்தான் இதில் பெரிய காரணி. மோதல் பதிவுகளை வைத்து 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேகம் 12 நாட்டுக்குக் கீழே வரும்போது மோதல் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு பாதிக்குக் குறைகிறது என்றும், 15 நாட்டைத் தாண்டினால் கிட்டத்தட்ட நிச்சயம் என்றும் காட்டியது. ஃபெரிகள் ஓடுவது இருபதை ஒட்டி.

வேகத்தைக் குறை என்று சும்மா சொன்னால் எந்தக் கப்பல் நிறுவனமும் கேட்காது. எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்பார்கள். கேட்பதும் சரிதான், ஒவ்வொரு மணி நேரமும் காசு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திமிங்கிலம் எங்கே, எப்போது இருக்கிறது என்ற வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தில் தன்னார்வலர்களின் தாள்களும் இருக்கின்றன. 2023 ஜூலையில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வடமேற்கு மத்தியதரைக் கடலைச் சிறப்புக் கவனத்துக்குரிய கடற்பகுதியாக அறிவித்தது. அங்கே கப்பல்கள் 10 முதல் 13 நாட் வேகத்தில் போகும்படி கேட்டுக்கொள்கிறது. கட்டாயமில்லை, கோரிக்கைதான். அது பலிக்கிறதா என்று தெரியவும் மறுபடி எண்ணித்தான் ஆகணும்.

நம்ம பக்கம்

இது ஐரோப்பியக் கதை. ஆனாலும் படிக்கும்போது நம் கரை நினைவுக்கு வராமல் இருக்காது. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையோரத்தில் மறுபடியும் 80க்கு மேல். ஒதுங்கியதை எண்ண முடிந்தது. ஒதுங்காமல் கடலில் இருந்தவை எவ்வளவு, அது பெரிய கூட்டத்தில் சிறு பகுதியா அல்லது பெரும்பகுதியா என்று கேட்டால், கரையில் கிடக்கும் உடம்பு பதில் சொல்லாது. சாவின் எண் மட்டும் தெரிந்தால் போதாது, அதன் கீழே வகுக்க உயிரோடிருப்பதன் எண்ணும் வேண்டும்.

இலங்கையின் தென்முனையில், தேவேந்திரமுனைக்கு அப்பால், நீலத் திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் மேலேயே உலகின் நெரிசலான கப்பல் பாதை ஒன்று போகிறது. அங்கே கோடு கோடாகப் படகில் போய் எண்ணிய பிறகுதான், பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதல் ஆபத்து பெருமளவு குறையும் என்று சொல்ல முடிந்தது. 2022ல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே திருப்பியது. அதே முறை, அதே குச்சி, அதே சைன் கணக்கு.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. பாக் நீரிணை ஆழமில்லாதது, அங்கே ஃபின் திமிங்கிலத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஓங்கில் தெரியலாம். கடற்பசுவைக் கப்பலிலிருந்து பார்ப்பது குதிரைக்கொம்பு. மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டுப் போய்விடும். அதற்கென்று தமிழக அரசு 2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்திருக்கிறது, அது இந்தப் பாதையில் வராது. ஆனாலும் சில மணி நேரம், ஒரே கோடு, திரும்பத் திரும்ப. கணக்கெடுப்பாளர் கேட்பதும் அதுதானே?

அந்தக் கப்பலிலோ வேறெந்தக் கப்பலிலோ போகிறவர்கள் முயன்று பார்க்கலாம். முறையான கணக்கெடுப்புக்கு இது ஈடாகாது, கண்ணைப் பழக்க உதவும். தளத்தில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து நில்லுங்கள். தொடங்கிய நேரத்தை எழுதுங்கள், ஃபோனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அலையில் வெள்ளை நுரை இருக்கிறதா என்று எழுதுங்கள். அரை மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் கடலை மட்டும் பாருங்கள். எது தெரிந்தாலும் நேரம், திசை, எத்தனை. இனம் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை". முடித்த நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், பூஜ்யம் என்று எழுதித் தேதி போட்டு வையுங்கள். அடுத்த பயணத்தில் அதே பக்கம் நின்று பார்க்கும்போது பக்கத்தில் வைக்க அது வேண்டும்.